கூட்டத்துக்குப் போகாத வீட்டுக்குக் குரல் ஏது?



ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பெயர் வேண்டாம். மூன்று லிஃப்டில் இரண்டு ஓடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆண்டுப் பொதுக்கூட்டம். சட்ட விளக்கம் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ள இடத்தில், கீழ் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் இருபத்தேழு பேர். அரை மணி நேரம் காத்திருந்தார்கள், பிறகு கூட்டம் தொடங்கியது. பராமரிப்புக் கட்டணம் உயர்ந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி முடிவானது. புதிய செயற்குழு அமைந்தது. எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் குடியிருப்பில் தமிழ் வீடுகள் அறுபதுக்குக் குறையாது. கூட்டத்தில் இருந்த தமிழர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான். எனக்கு அங்கே வீடும் கிடையாது, ஓட்டும் கிடையாது.

அடுத்த மாதம் புதுக் கட்டண பில் வந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒரு பெரியவர் கொதித்துப் போய்க் கேட்டார்: "யாரைக் கேட்டு தம்பி ஏத்துனாங்க?"

"உங்களைக் கேட்கத்தாண்ணே கூட்டம் போட்டாங்க. நீங்க வரலையே."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நம்ம போயி என்னா ஆவப் போவுது?"

அவரைக் குறைசொல்லி நான் இதை எழுதவில்லை. வாரத்தில் ஆறு நாள் பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஞாயிறு ஒன்றுதான் அவருக்குத் தூங்கக் கிடைக்கும் நாள். ஆனால் "நம்ம போயி என்னா ஆவப் போவுது" என்ற அந்த ஒரு வாக்கியம் நம் சமுதாயத்தை எவ்வளவு காலமாகக் கட்டிப்போட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

மேடைத் தன்னம்பிக்கை

இன்று நம்மவர்களுக்குக் குறையில்லாமல் கிடைப்பது தன்முன்னேற்றப் பேச்சு. மண்டபம் பிடித்து, மைக் பிடித்து, "எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது, நீ நினைத்தால் முடியும்" என்கிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பெற்றோர் கண் கலங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே ஓடாத லிஃப்ட், அதே ஷிஃப்ட், அதே சம்பளம்.

நான் நேராகக் கேட்கிறேன். லிஃப்ட் ஓடாதது தன்னம்பிக்கைக் குறைவாலா? தாத்தா காலத்திலிருந்து குடியிருந்த கம்பத்து நிலம் இன்னொருவர் பெயருக்கு மாறியது நமக்கு ஊக்கம் இல்லாததாலா? தனி ஆளின் கையில் இல்லாததை "உன் கையில்தான் இருக்கிறது" என்று சொல்வது, ஏழையின் தோல்விக்கு ஏழையையே குற்றவாளியாக்கும் வேலை. தன்னம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பேச்சைக் கேட்டு வராது, பிறரோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும்போதுதான் வரும் என்கிறேன்.

இதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச்.நாதன் என்பவர் அவர்களைத் திரட்டியதில் முன்நின்றார். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். நம் பெண்களிடம் கைவைக்காதே என்றார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சம்பளத்தோடு சேர்த்து சைக்கிளையும் கேட்டார்கள்! ஒரு மனிதன் தன் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதை விட தனிப்பட்ட விஷயம் என்ன இருக்கிறது? ஆனால் அதைத் தனியாக ஒருவன் கேட்டிருந்தால் மறுநாளே அவன் பேர் அழிக்கப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கேட்டபோது வெள்ளைக்காரன் பட்டாளத்தை இறக்கினான், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதனை நாடு கடத்தினார்கள். அவ்வளவு பெரிய அரசு அவ்வளவு பயந்தது எதற்கு? தோட்டத்து லயத்தில் நம்மவர்கள் கூட்டம் கூடி, பேசி, முடிவெடுத்து, ஒரு தாளில் எழுதி நீட்டினார்களே, அதற்கு!

எந்த ஒற்றுமை?

ஒற்றுமை என்ற சொல்லை நமக்கு எல்லோரும் போதிக்கிறார்கள். அரசாங்கம் சொல்கிறது, கட்சிகள் சொல்கின்றன, கோயில் தலைவர்களும் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் ஒற்றுமைக்கு என்ன பொருள்? பெரும்பாலும், "வாயை மூடிக்கொண்டு வரிசையில் நில்" என்பதுதான். சுதந்திர தினத்தில் மூவினமும் சேர்ந்து ஆடினால் நல்லிணக்கமாம். அதே மூவினமும் சேர்ந்து கணக்குக் கேட்டால் குழப்பக்காரர்களாம்!

நமக்குள்ளேயும் இதே கதைதான். தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் போட்ட பையை வரிசையில் நின்று வாங்கினால் நாம் ஒற்றுமையான சமுதாயம். "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் சமுதாயத் துரோகி.

மைக்கா ஹோல்டிங்ஸை மறந்துவிட்டீர்களா? 1980-களில் சமுதாயத்தின் பெயரால் கேட்டபோது நம்மவர்கள் அள்ளிக் கொடுத்தது 106 மில்லியன் வெள்ளி. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தாய்மார்கள் உண்டு. அதைவிடப் பெரிய ஒற்றுமையை இந்த நாட்டுத் தமிழர்கள் காட்டியிருக்கிறார்களா? முடிவில் 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொள்ளப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்த பணத்துக்கு முதலும் முழுதாகத் திரும்பவில்லை. கேட்டதும் பணத்தைக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்தப் பணத்தைப் பற்றி யார் எங்கே முடிவெடுத்தார்கள் என்ற இடத்தில் நாம் இல்லை. முடிவில் பங்கில்லாத ஒற்றுமை வெறும் வசூல்தான்.

பக்கத்துக் கம்பம் சொன்ன பாடம்

ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் போனால் புக்கிட் குளுகோர். அங்கே இருந்தது கம்போங் புவா பாலா. மாடும் ஆடும் வளர்த்து, பால் ஊற்றி, பொங்கலை ஊரே கொண்டாடிய தமிழ்க் கம்பம். ஒருகாலத்தில் பிரவுன் குடும்பத்துத் தோட்டத்தில் பாடுபட்டவர்களின் வாரிசுகள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். அந்த நிலத்தை அரசாங்க அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முந்தைய மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. ஆட்சி மாறிய 2008-இல் உரிமை அந்தச் சங்கத்தின் பெயருக்கு மாறியது. பழைய ஆட்சி புதிய ஆட்சியைக் கை காட்டியது. புதிய ஆட்சி பழைய ஆட்சியைக் கை காட்டியது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்தின் கதவும் மூடியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பம் தரைமட்டமானது.

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் கம்பங்களில் பல, தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்ற தாளில் நின்றவை. அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் முடிந்துபோகும். மூன்று தலைமுறை அதைப் புதுப்பித்திருந்தாலும் நிலம் சொந்தமாகாது. புதுப்பிக்காமல் விட்டால் ஒரே நாளில் நம் பெயர் 'அத்துமீறிக் குடியேறியவர்'. அப்படிப்பட்டவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாயத்திலும் உரிமை இல்லை என்று 1982-இல் சிடேக் வழக்கிலேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே நில வழக்கில் புல்டோசர் வந்த பிறகு வக்கீலைத் தேடினால் பாதி தோற்றாயிற்று. நிலம் பற்றிய பேச்சு அலுவலக மேசையில் இருக்கும்போதே தட்டிக் கேட்கும் மக்கள் கூட்டம் இருக்க வேண்டும்.

புவா பாலா மக்களைக் குறைசொல்ல எனக்கு நாக்கு வராது. நம்மில் பலரை விட அவர்கள் அதிகமாகவே போராடினார்கள். இறுதியில் சிலர் மேம்பாட்டாளர் தந்த மாடி வீட்டை ஏற்றுக்கொண்டார்கள், சிலர் கடைசிவரை மறுத்தார்கள். ஒரே கம்பத்து உறவுகள் இரண்டாக நின்றன. பிள்ளைகுட்டியோடு தெருவில் நிற்கப் போகிறவரின் முடிவைத் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

என் கேள்வி நம்மைப் பற்றியது. ஜெலுத்தோங்கில் இருந்த நாம் எங்கே இருந்தோம்? பத்திரிகையில் படம் வந்த பிறகு வேடிக்கை பார்க்கப் போனோம். எந்தக் கட்சித் தலைவர் எந்தத் தலைவரைத் திட்டினார் என்று சாப்பாட்டுக் கடையில் பேசினோம். அந்தக் கம்பத்து மக்கள் தனியாக நின்றார்கள்.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் நானும் நின்றேன். அப்போது சட்டப் படிப்பை முடித்த சூடு. கண்ணீர்ப்புகையும் இரசாயனத் தண்ணீரும் பட்டும் நம் சனம் கலையவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை, இன்று இல்லாத உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளினார்கள். அடுத்த மார்ச் தேர்தலில் நம் கோபம் நான்கு மாநில ஆட்சிகளைப் புரட்டிப் போட உதவியது. அதற்குப் பிறகு? 2013-க்குள் இயக்கம் பிளந்தது. ஒரு பகுதி ஆளும் கூட்டணியோடு ஒப்பந்தம் போட்டது, மறுபகுதி எதிர்த்தது. தலைவர்களைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் எந்தப் பாதையில் போவது என்று தலைவர்கள் முடிவெடுத்தபோது, ஜெலுத்தோங்கிலோ பிறையிலோ இருக்கும் தொழிலாளியைக் கேட்கக் கிளைக்கூட்டம் என்று ஒன்று வைத்திருந்தோமா? தெருவில் சேர்ந்த கூட்டம் மகத்தானது. அது கலைந்த மறுநாள் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமே! அதை நாம் கட்டவில்லை.

பறிபோன ஓட்டு, மிச்சமிருக்கும் ஓட்டு

நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் டி.எஸ்.இராமநாதன் என்ற தமிழர். தொழிலாளர் கட்சிக்காரர். பல இனத்தவர் வாழும் நகரத்தில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்திலிருந்து அவர் வந்தார். 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1976 சட்டத்தில் அதை ஒரேயடியாக மூடினார்கள். பினாங்கு மாநிலம் 2012-இல் சட்டம் இயற்றி மீட்கப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றது. ஆகவே நம் சாக்கடை, குப்பை, பாதை, அங்காடி லைசென்ஸ் பற்றி முடிவெடுக்கும் கவுன்சிலருக்கு நமக்கு ஓட்டில்லை. அவர் நியமிக்கப்படுகிறார்.

இந்த உரிமையைத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பறிபோன ஓட்டுக்காக அழும் நாம், கையிலிருக்கும் ஓட்டை என்ன செய்கிறோம்?

அடுக்குமாடி வீட்டுக்காரரா நீங்கள்? 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், சட்டம் 757, உங்கள் கையில் ஓட்டுக் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கூட்டத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். தகுதியுள்ளவர்களில் பாதிப்பேர் வர வேண்டும். அரை மணி நேரத்தில் அவ்வளவு பேர் சேராவிட்டால், வந்திருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம். முந்நூறு வீட்டுக்கு இருபத்தேழு பேர் முடிவெடுத்தது இப்படித்தான், அது சட்டப்படி செல்லும்! கூட்டத்துக்கு ஏழு நாளைக்கு முன் கட்டண நிலுவை இருந்தால் ஓட்டு கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். கோபத்தில் கட்டணம் கட்டாமல் நிறுத்துபவர் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்கிறார். வர முடியாதவர் இன்னொருவரை எழுத்து மூலம் பதிலாளாக அனுப்பலாம், ஆனால் ஒருவர் ஒரே வீட்டுக்காரருக்குத்தான் பதிலாளாக இருக்க முடியும். நிர்வாகத்தோடு தகராறா? 250,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை விசாரிக்க அடுக்குமாடித் தீர்ப்பாயம் இருக்கிறது.

வாடகைக்கு இருக்கிறோம், ஓட்டில்லை என்கிறீர்களா? உண்மைதான், நம்மவர்களில் பலர் வாடகைக்காரர்கள். உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் உங்களுக்கு இடம் உண்டு. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் ஆண்டுக்கூட்டம் நடக்கிறது. அடுத்த முறை போய் நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். வேலையிடத்தில் தொழிற்சங்கம், கோயிலில் ஆலய நிர்வாகம், கூட்டுறவுக் கடனில் கூட்டுறவுச் சங்கம். 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி பதிவு பெற்ற எந்தச் சங்கமும் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்குக் கொடுக்க வேண்டும். கணக்குக் கேட்பது கலகம் இல்லை, உறுப்பினரின் உரிமை.

இரண்டாவது ஆள்

அன்று அந்தக் கூட்டத்துக்கு இரண்டு தமிழர்கள் வந்திருந்தோம் என்றேன். இன்னொருவர் ஓர் அக்கா. பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை, கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஏழாவது மாடி. முழங்கால் வலியோடு படியேறியே வெறுத்துப்போய் வந்திருந்தார். முதல் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. மலாய் தெரியும், ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாசி லெமாக் விற்கும் ஒரு மலாய் அம்மா. எதிரில் ஒரு சீனப் பெரியவர், பழைய கணக்கெழுத்தர். அடுத்த வாரம் அந்த அம்மாவே அக்காவின் கதவைத் தட்டி, "நாம் இருவரும் ஒரே லிஃப்டுக்காரர்கள், வா" என்று கூட்டிப் போனாராம். சீனப் பெரியவர் இருவருக்கும் கணக்கு அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். மறு ஆண்டு அக்கா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லிஃப்ட் பராமரிப்புக்கு மாதாமாதம் பணம் போயிருக்கு, பழுதுபார்த்த ரசீது எங்கே?" மண்டபம் அமைதியானது. அதற்கடுத்த ஆண்டு அவர் செயற்குழுவில் இருந்தார். இரண்டாவது லிஃப்ட் ஓடத் தொடங்கியது. மூன்றாவது இன்னும் ஓடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதைவிட எனக்கு முக்கியம் வேறொன்று. தொழிற்சாலையில் அவருடைய ஓவர்டைம் கணக்கில் குறை வந்தது. முன்பெல்லாம் என்றால் அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாராம். இந்த முறை சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். "எப்படிக்கா?" என்றேன். "லிஃப்ட் கணக்கையே பாத்துட்டேன் தம்பி, என் கணக்கைப் பாக்க மாட்டேனா?" என்றார்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அவருக்கு யாரும் மேடையேறித் தன்னம்பிக்கை சொல்லவில்லை. பொதுக் காரியத்தில் பழகிய துணிவு சொந்தக் காரியத்துக்கும் வந்தது. 1941-இன் சைக்கிளும் இதுதான்.

நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம்

வெளியாரை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் நான் பொய்யன். நம் சங்கங்களில் பெண்களுக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? அன்னதானத்துக்குக் காய் நறுக்க. நிர்வாகக் குழுப் பட்டியலில் எத்தனை பெண் பெயர்? சாதி பார்த்துப் பதவி கொடுக்கும் பழக்கம் கடல் தாண்டி வந்தும் நம்மை விட்டதா? இளைஞன் ஒருவன் கணக்குக் கேட்டால் "நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவன்" என்று விரட்டவில்லையா? பாதிப்பேரை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டும் ஒற்றுமை எவன் தள்ளினாலும் விழும். பெண்ணும், ஒதுக்கப்பட்டவரும், இளையவரும் முடிவெடுக்கும் இடத்தில் உட்காரட்டும். அப்புறம் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவோம்.

"நேரம் இல்லை" என்பவர்களுக்கு என் பதில்: உண்மை, உங்களுக்கு நேரம் இல்லை. அதனால்தான் எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் போக வேண்டாம். மாடிக்கு ஒருவர், முறை வைத்துப் போங்கள். போனவர் திரும்பி வந்து மற்ற வீடுகளுக்குச் சொல்லட்டும். அன்று அவர் பிள்ளையைப் பக்கத்து வீடு பார்த்துக்கொள்ளட்டும். இதற்குப் பெயர்தான் சமுதாயம்.

இந்த மாதமே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் குடியிருப்பு அல்லது பள்ளி ஆண்டுக்கூட்டம் எப்போது என்று விசாரித்து நாள்காட்டியில் எழுதுங்கள். கட்டண நிலுவை இருந்தால் அதற்கு முன் தீர்க்க வழி பாருங்கள், ஒரேயடியாக முடியாவிட்டால் இப்போதே நிர்வாகத்தோடு தவணை பேசுங்கள். வேறு இனத்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் கூட்டத்தில் பேச வேண்டாம். உட்கார்ந்திருங்கள், அது போதும். இரண்டாவது கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். லிஃப்டில் இறங்கிக் கீழ் மண்டபத்துக்குப் போக நமக்கென்ன தயக்கம்? லிஃப்ட் ஓடாவிட்டால் படியில் இறங்குங்கள். ஆனால் போங்கள்!

உரிமை காப்போம்! ஒன்றாய் அமர்வோம்! கணக்குக் கேட்போம்!